ஆடுசதை துடிப்பு, இடது காலில் தளர்ச்சி: இ.எம்.ஜி. (சதையில் ஊசி விட்டுப் பார்க்கும் பரிசோதனை) எடுத்தே ஆகவேண்டுமா?

வாணியம்பாடி_பையன்:

வணக்கம். வயது 36. சொந்த ஊர் வாணியம்பாடி. பெங்களூரில் ஸ்ரீராமபுரத்தில் மனைவி, யூ.கே.ஜி. படிக்கும் மகளோடு குடியிருக்கிறேன். பீன்யாவில் ஒரு மெஷின் ஷாப்பில் குவாலிட்டி பிரிவில் வேலை. ஷிப்டு முழுக்க நின்றுகொண்டேதான் இருக்கவேண்டும். சர்க்கரை, பிரஷர் கிடையாது. சிகரெட், குடி கிடையாது. டீ மட்டும் அதிகம், நைட் ஷிப்டில் கணக்கே இல்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பியதும் ஒரு வைரல் காய்ச்சல் வந்து போனது. அது சரியான பிறகு ஒரு நாள் நைட் ஷிப்டு முடித்து வந்து படுத்தேன். இடது ஆடுசதைக்குள் புழு நெளிவது போல இருந்தது. லுங்கியை விலக்கி செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தால், தோலுக்கு அடியில் சதை தானாகத் துடிக்கிறது. வலி இல்லை. காலை அசைத்தால் நின்றுவிடும், ஓய்வாக வைத்தால் மறுபடி ஆரம்பிக்கும். கொஞ்ச நாளிலேயே வலது தொடை, கட்டை விரலின் அடிப்பக்கம், கண் இமை என்று இடம் மாறி மாறி வர ஆரம்பித்தது. மற்ற இடங்களில் வரும், போகும். இடது ஆடுசதையில் மட்டும் ஓய்வே இல்லை.

இப்போது அந்தக் காலே வலு குறைந்த மாதிரி தெரிகிறது. பீன்யா மெட்ரோ ஸ்டேஷன் படியில் ஏறும்போது இடது கால் கனக்கிறது. இறங்கும்போது முட்டி மடங்கிவிடுமோ என்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறேன். இதுவரை விழுந்ததில்லை, தடுக்கியதில்லை, செருப்பு கழன்றதும் இல்லை. செருப்பைப் பற்றிச் சொல்லக் காரணம் இருக்கிறது.

எங்கள் வீட்டு மாடியில் ஒரு பெரியவர் இருந்தார். தெருவில் நடக்கும்போது அவருடைய இடது செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், அவருக்கே தெரியாது. என் மகள் ஓடிப்போய் எடுத்துக் கொடுப்பாள். முதலில் எல்லோரும் சர்க்கரை என்றார்கள், அப்புறம் முதுகில் டிஸ்க் என்றார்கள், கடைசியில் மோட்டார் நியூரான் நோய், அதாவது சதையை இயக்கும் நரம்புகள் செத்துக்கொண்டே போகும் நோய் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் நானும் அவர் மகனும்தான் அவரை நாற்காலியோடு தூக்கி மாடியிலிருந்து இறக்குவோம். ஒவ்வொரு தடவையும் எடை குறைந்திருப்பது கையில் தெரியும். பேச்சு போன பிறகும் என்னைப் பார்த்தால் கண்ணாலேயே வா என்பார். போன வருடம் இறந்துவிட்டார். எனக்கு அவர் அப்பா ஸ்தானம்.

பரிசோதனை விவரம்: குடும்ப டாக்டர் ரத்தம் பார்க்கச் சொன்னார். பி12 அளவு 148, வைட்டமின் டி 13. தைராய்டு, கால்சியம், சி.பி.கே. (சதை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் நொதி), சர்க்கரை எல்லாம் சரியாக இருக்கிறது. பி12 ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன், வாரம் ஒரு டி மாத்திரை. துடிப்பு நிற்காததால் நியூராலஜிஸ்டிடம் அனுப்பினார். அவர் பொறுமையாகப் பார்த்தார். சுத்தியலால் முட்டி, கணுக்கால் எல்லாம் தட்டினார். உள்ளங்காலில் சாவியால் கோடு இழுத்தார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். குதிகாலில் நடக்கவிட்டார், நுனிக்காலில் நடக்கவிட்டார். "பவர் இரண்டு காலிலும் முழுசாக இருக்கிறது, சதை இளைக்கவில்லை, இ.எம்.ஜி. எல்லாம் இப்போது தேவையில்லை, பி12 ஏறட்டும், அப்புறம் வாங்க" என்றார். வெளியே வந்தபோது நிம்மதியாக இருந்தது. ராஜாஜிநகரிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் அந்த நிம்மதி போய்விட்டது.

மனைவி வீட்டில் தையல் வேலை செய்கிறாள். அவளுடைய டேப்பை எடுத்து ஆடுசதையை அளந்தேன். இடது 36.2 சென்டிமீட்டர், வலது 37. என் வேலையில் நாங்கள் மைக்ரானில் அளப்பவர்கள். 8 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் அந்தப் பீஸை ரிஜெக்ட் பின்னில்தான் போடுவோம். அன்றிலிருந்து தினமும் அளந்து ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுகிறேன். ஒரு நாள் 36.0 வரும், ஒரு நாள் 36.5 வரும். 36.0 வந்த நாளில் சோறு இறங்காது. கம்பெனியில் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குதிகாலில் நின்று பார்க்கிறேன், ஒற்றைக் காலில் எம்பிப் பார்க்கிறேன். இது நடக்காத ஷிப்டு இல்லை.

மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ் வரை நடப்பேன். இப்போது தூக்குவதில்லை. நடுவில் கால் விட்டுவிட்டால் குழந்தை விழுந்துவிடும். மனைவிக்குப் பி12 குறைவு என்பது மட்டும் தெரியும், மற்றது தெரியாது. சீட்டு எவ்வளவு கட்டியிருக்கிறது, பி.எஃப். எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போட்டு அதையும் அதே நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

கேட்க வந்தது இதுதான். டாக்டர் வேண்டாம் என்றாலும் இ.எம்.ஜி.யை நானாகக் கேட்டு எடுத்துக்கொள்வது நல்லதா? இல்லை, நேராக நிம்ஹான்ஸ் (இங்கே உள்ள அரசு மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரி) போய் இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்கலாமா? இப்படி மாதக்கணக்கில் துடிப்பு இருந்து நன்றாக ஆனவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள்.


திப்பசந்திரா_அம்மு:

தம்பி, நான் இருக்கிறேன். அதனால் உடனே எழுதுகிறேன்.

எனக்கு டெங்கு வந்து எழுந்த பிறகு ஆரம்பித்தது. இரண்டு ஆடுசதையும், சில நாள் உதடும். தட்டச்சு செய்யும்போது விரல் தானாகக் குதிக்கும். அக்கவுண்ட்ஸ் வேலை, மார்ச் மாதம், தூக்கம் கிடையாது. நீங்கள் செய்வதையெல்லாம் நானும் செய்தேன். டேப்புக்குப் பதில் நான் பழைய போட்டோக்களை எடுத்து வைத்து, அப்போதைய கையையும் இப்போதைய கையையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

இ.எம்.ஜி. நான் எடுத்தேன். நார்மல் என்றார்கள். என் அனுபவத்தை மறைக்காமல் சொல்கிறேன்: அந்த நிம்மதி அடுத்த சம்பளம் வரைக்கும்கூட நிற்கவில்லை. "ஊசி குத்திய இடத்தில் இல்லாமல் வேறு சதையில் இருந்தால்?", "ரொம்ப சீக்கிரம் எடுத்துவிட்டோமோ?" என்று மனசு அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. பயம் கேட்பது ரிப்போர்ட் அல்ல தம்பி, நூற்றுக்கு நூறு உத்தரவாதம். அதை எந்த மெஷினும் அச்சடித்துத் தராது.

எனக்கு மாற்றம் வந்தது வேறு இடத்தில். பி.டி.எம். லேஅவுட்டில் நிம்ஹான்ஸ் நடத்தும் வெல்-பீயிங் மையம் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக் கூட்டம் இருக்காது. அங்கே ஒரு சைக்காலஜிஸ்டிடம் தொடர்ந்து போனேன். அவர் துடிப்பைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு நாளில் எப்போதெல்லாம் உடம்பைச் சோதிக்கிறேன், சோதித்த பிறகு பயம் குறைகிறதா கூடுகிறதா என்றுதான் எழுதச் சொன்னார். எழுதிப் பார்த்தபோது தெரிந்தது, சோதித்த உடனே கொஞ்சம் இறங்குகிறது, அரை மணியில் முன்னைவிட மேலே ஏறுகிறது. அப்புறம் சோதனையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போடப் பழக்கினார். முதல் வாரம் நரகம். பிறகு முடிந்தது.

இப்போதும் மார்ச் மாதம் வந்தால் ஆடுசதை துடிக்கும். துடிக்கட்டும் என்று விட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறேன்.

நைட் ஷிப்டில் தனியாக இருக்கும்போது தாங்க முடியவில்லை என்றால் 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது, காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். ராத்திரி இரண்டு மணிக்கு செல்போனில் தேடிக்கொண்டிருப்பதைவிட அந்த நேரத்தில் ஒரு மனுஷக் குரல் நல்லது.

மனைவியிடம் சொல்லுங்கள். இன்றே சொல்லுங்கள்.


கிருஷ்ணகிரி_மாந்தோப்பு:

ப்ரோ, மெக்னீசியம் மாத்திரை வாங்கிப் போடுங்க, தினமும் இளநீர், வாழைப்பழம். என் அண்ணனுக்கு இதில்தான் நின்றது. எதற்கும் முதுகு எம்.ஆர்.ஐ. ஒன்று எடுத்துவிடுங்கள், மனசு கேட்காது.


ஜெயநகர்_பிசியோ:

இளநீர், வாழைப்பழம் தாராளமாகச் சாப்பிடலாம். மெக்னீசியம் மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு அது ஆபத்து. காரணமில்லாமல் எம்.ஆர்.ஐ. எடுத்தால், நம் வயதில் பாதிப் பேருக்கு இருக்கக்கூடிய லேசான டிஸ்க் வீக்கம் அதில் தெரியும், அதை வைத்து அடுத்த பயம் தொடங்கும்.

வாணியம்பாடித் தம்பி, நான் மதுரைக்காரி, இங்கே பிசியோதெரபிஸ்ட். நரம்பு நோயாளிகளோடுதான் என் வேலை. உங்கள் காலை நான் தொட்டுப் பார்க்கவில்லை, எனவே உங்களுக்கு என்ன என்று நான் சொல்ல முடியாது. அதைப் பார்த்தவர் உங்கள் நியூராலஜிஸ்ட். நீங்கள் எழுதியதை வைத்துச் சிலவற்றை விளக்க முடியும்.

வலு குறைவது வேறு, வலு குறைந்த மாதிரி இருப்பது வேறு. நரம்பு செத்து வலு குறையும்போது ஒரு காரியம் நடக்காமல் போகும். பாதத்தைத் தூக்க வராது, பெருவிரல் படி விளிம்பில் இடிக்கும், நுனிக்காலில் எம்ப முடியாது. "கனக்கிறது, விட்டுவிடும் போல இருக்கிறது" என்ற உணர்வு மட்டும் முதலில் வருவது வழக்கமில்லை. சில நேரம் நோயாளிக்கு முன்னால் வீட்டில் இருப்பவர் கவனித்துவிடுவார். மாடிப் பெரியவருக்குச் செருப்பு கழன்றது அவருக்கே தெரியவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் நாள் முழுக்க உங்கள் காலைக் கவனித்துக்கொண்டிருக்கிறீர்கள், ஆனாலும் படியேறி இறங்கி, எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்து, குதிகாலிலும் நுனிக்காலிலும் தினமும் நிற்கிறீர்கள். அந்தக் கால் வேலை செய்கிறது.

கனம் எங்கிருந்து வரும்? வைட்டமின் டி 13 என்பது குறைவு. அது ரொம்பக் குறைந்தால் தொடையும் இடுப்பும்தான் சோர்ந்துபோகும், படியேறுவதில்தான் தெரியும். பி12 148 என்பதும் குறைவு, 200க்குக் கீழே போனால் கட்டாயம் மருந்து வேண்டும். போதாததற்குக் காய்ச்சல், நைட் ஷிப்டு, தூக்கமின்மை, டீ. இவற்றில் ஒவ்வொன்றும் தனியாகவே சதையைத் துடிக்க வைக்கும். பயத்தில் வேகமாக மூச்சு விட்டால்கூட ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, நரம்பு சீண்டினால் சிலிர்க்கும் நிலைக்கு வந்துவிடும். அப்புறம் நீங்கள் செய்யும் சோதனைகள். சோர்ந்த சதையை மணிக்கொரு தடவை எம்ப வைத்தால் அது இன்னும் சோரும், சோர்ந்த சதை இன்னும் துடிக்கும். கைப்பிடியைப் பிடித்து வலது காலில் பாரம் போட்டு நடப்பதால் இடது கால் பழக்கம் விட்டுப்போகும். வேலை இடைவேளையில் காலின் மேல் கால் போட்டோ, குத்துக்காலிட்டோ அதிக நேரம் உட்காருவீர்களா? முட்டிக்கு வெளிப்பக்கம் ஓடும் நரம்பு அப்போது நசுங்கும், பாதம் மரத்துப்போகும். அந்தப் பழக்கம் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

டேப் விஷயம். இதை உங்கள் பாஷையிலேயே கேட்கிறேன். அளக்கப்படும் பொருள் மெத்தென்று இருக்கிறது. டேப்பை எவ்வளவு இறுக்கினீர்கள் என்பதற்கு அளவு இல்லை. முட்டியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழே என்று குறி போடவில்லை. ஒரு நாள் காலையில் அளக்கிறீர்கள், ஒரு நாள் எட்டு மணி நேரம் நின்று கால் வீங்கிய பிறகு அளக்கிறீர்கள். ஒரே காலில் 36.0 முதல் 36.5 வரை வருகிறது. இப்படி ஒரு அளவீட்டு முறையை உங்கள் லைனில் யாராவது கொண்டுவந்தால் ஒப்புக்கொள்வீர்களா? இரண்டு ஆடுசதைக்கும் ஒரு சென்டிமீட்டர் வரை வித்தியாசம் பலருக்கும் இருப்பதுதான். வலது காலை அதிகம் பயன்படுத்துபவருக்கு வலது பெரிதாக இருக்கும்.

நீங்கள் பயப்படும் நோயைப் பற்றி. உலக அளவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் அது புதிதாக வருகிறது, பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு. அதிலும் துடிப்பு வரும், ஆனால் பெரும்பாலும் வலு இழப்போடும் சதை இளைப்போடும் சேர்ந்து வரும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், துடிப்பு மட்டும் இருந்து பரிசோதனை சரியாக இருந்த 121 பேரைப் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்து 1993ல் முடிவை வெளியிட்டார்கள். ஒருவருக்குக்கூட மோட்டார் நியூரான் நோய் வரவில்லை. நோயைப் பற்றி அதிகம் தெரிந்த டாக்டர்களுக்கே ஆடுசதை துடித்தால் இந்தப் பயம் பிடித்துக்கொள்கிறது. 2013ல் ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர்கள் இருவர் அதற்கென்று ஒரு பெயர் வைத்தே கட்டுரை எழுதினார்கள். மோட்டார் நியூரான் நோயாளி ஒருவரைப் பக்கத்தில் இருந்து பார்த்தவருக்கு அந்தப் பயம் வருவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இ.எம்.ஜி. என்பது மெல்லிய ஊசியைச் சதைக்குள் விட்டு, ஓய்விலும் இறுக்கும்போதும் அங்கே ஓடும் மின்துடிப்பைப் பார்ப்பது. கையால் பார்த்ததில் சந்தேகம் வந்தால் அதை உறுதிசெய்ய எடுப்பார்கள். பார்த்ததில் எல்லாம் சரியாக இருந்ததால் உங்கள் டாக்டர் தள்ளிவைத்திருக்கிறார், அலட்சியத்தால் அல்ல. அடுத்த தடவை போகும்போது உங்கள் பயத்தை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். பெரியவரைப் பற்றிச் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

காத்திருக்காமல் உடனே போகவேண்டிய நிலைகளும் உண்டு. பாதம் தூக்க வராமல் தொங்குவது, சில நாட்களிலேயே இரண்டு காலிலும் தளர்ச்சி மேலே ஏறிக்கொண்டே போவது, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, தொடை இடுக்கில் உணர்வு மரத்துப்போவது, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம். இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே எமர்ஜென்சி.


மாரிகுப்பம்_டிரெயின்:

அம்மு அக்காவும் பிசியோ மேடமும் சொன்னதைப் படித்தேன். ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து இருக்கிறது.

எங்கள் அப்பா கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர். 2001ல் சுரங்கத்தை மூடிய பிறகு, எங்கள் ஊர் ஜனங்களில் பாதிப் பேரைப் போலவே மாரிகுப்பம் வண்டி பிடித்து தினமும் பெங்களூர் வந்து செக்யூரிட்டி வேலை பார்த்தார். அவருக்கு இந்த நோய் வந்தது. முதலில் தெரிந்தது வலது கை. கேட்டில் பூட்டைத் திறக்கச் சாவி திருப்ப வரவில்லை. சட்டைப் பொத்தான் போட அம்மாவைக் கூப்பிட்டார். துடிப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நிம்ஹான்ஸில் டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லித் தோளைக் காட்டியபோதுதான் நாங்கள் அதைப் பார்த்தோம். அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "இது எப்போதிருந்து?" என்று எங்களைக் கேட்டார். அவரைப் பயமுறுத்தியது சாவிதான். ரிலுசோல் மாத்திரை கொடுத்தார்கள். நோயைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், நிறுத்தாது என்று முதலிலேயே உண்மையைச் சொன்னார்கள். அந்த நேர்மைக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

அப்பா போன பிறகு எனக்குத் துடிப்பு வந்தது. தோள், ஆடுசதை, எல்லா இடமும். குடும்ப வழியாக வருமோ என்று பயம். பத்தில் ஒருவருக்குத்தான் அப்படி வரும், எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் இல்லை என்று டாக்டர் விளக்கினார். கேட்டு ஒரு இ.எம்.ஜி. எடுத்துக்கொண்டேன். நார்மல். ஃபைலை அலமாரியில் வைத்துப் பூட்டினேன், மறுபடி எடுக்கவில்லை. எனக்கு அது உதவியது. எனவே அம்மு அக்கா சொல்வது எல்லோருக்கும் பொருந்தாது. தம்பி, டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் சம்மதித்தால் ஒரு தடவை எடுங்கள். இரண்டாவது தடவை இல்லை என்று அதற்கு முன்னாலேயே முடிவு செய்துவிட்டு எடுங்கள்.

இன்னொன்று. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனசில் இருக்குமோ என்று தோன்றுகிறது. அந்த நோய் தொற்றாது. அவரைத் தூக்கியதால், தொட்டதால் எதுவும் ஒட்டிக்கொள்ளாது. எங்கள் அப்பாவையும் இரண்டு பக்கத்து வீட்டுப் பையன்கள்தான் தூக்கி ஆட்டோவில் ஏற்றுவார்கள். அவர்கள் பேரைச் சொன்னால் அம்மா இன்றும் எழுந்து நிற்பாள். அந்தப் பெரியவர் வீட்டில் உங்களை எப்படி நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.


வாணியம்பாடி_பையன்:

அண்ணா, அது மனசில் இருந்தது. யாரிடமும் கேட்க முடியாமல் இருந்தேன். நன்றி.

பெரியவரைப் பற்றி டாக்டரிடம் சொல்லவில்லை, மேடம். போகும்போது சொல்கிறேன்.


வாணியம்பாடி_பையன்:

சில வாரங்கள் கழித்து எழுதுகிறேன். கேட்டவர்களுக்கு நிலவரம் சொல்லாமல் போவது மரியாதை இல்லை.

மனைவியிடம் அன்று இரவே சொன்னேன். அவள் நோட்டை முன்பே பார்த்திருக்கிறாள். பின்பக்கத்தில் இருந்த சீட்டு, பி.எஃப். கணக்கை மட்டும் படித்துவிட்டு, நான் யாருக்கோ ஜாமீன் நின்று கடனில் மாட்டிக்கொண்டேன் என்று நினைத்து, நகையை எடுத்துத் தனியாக வைத்திருந்திருக்கிறாள். இரண்டு பேரும் விடியும் வரை பேசினோம். "படியில் நீ என்னைவிட வேகமாக ஏறுகிறாய்" என்றாள். அவள் பொய் சொல்லமாட்டாள்.

பி12 இப்போது 410. நியூராலஜிஸ்டிடம் மனைவியோடு போனேன். பெரியவரைப் பற்றிச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். மறுபடி முழுசாகச் சோதித்தார். முன்பு போலவே எல்லாம் சரி. இ.எம்.ஜி. பற்றிக் கேட்டேன். "தேவையில்லை என்பதுதான் இப்போதும் என் கருத்து. கையால் பார்ப்பதில் எப்போதாவது ஒரு மாற்றம் தெரிந்தால் நீங்கள் கேட்கவேண்டாம், நானே எடுப்பேன். ஆறு மாதம் கழித்து வாங்க" என்றார். மாரிகுப்பம் அண்ணா, நீங்கள் சொன்னதை யோசித்தேன். எடுக்காமல் இருக்க முடிவு செய்தேன். நான் அம்மு அக்காவின் ரகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு நைட் ஷிப்டில் 14416க்குப் போன் செய்தேன். எடுத்த அம்மா சேலத்துத் தமிழ் பேசினார். காலைப் பற்றித்தான் பேச ஆரம்பித்தேன். அவர் பெரியவரைப் பற்றிக் கேட்டார். கடைசி நாளில் அவரை ஆஸ்பத்திரிக்கு இறக்கியபோது நான் ஷிப்டில் இருந்தேன், வேறு யாரோ தூக்கினார்கள், நான் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். அவர் அவசரப்படுத்தவில்லை. வெல்-பீயிங் மையத்தில் இந்த வாரம் முதல் முறை போகிறேன்.

டீ காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அளப்பதை நிறுத்திவிட்டேன். பாத்ரூமில் எம்பிப் பார்ப்பது முழுசாக நிற்கவில்லை, ஷிப்டுக்கு ஒரு தடவை என்று வந்திருக்கிறது. துடிப்பு இருக்கிறது, இதை எழுதும்போதும் இடது ஆடுசதையில் ஓடுகிறது. படியில் கனம் குறைந்திருக்கிறது.

பிசியோ மேடம், ஒரு சந்தேகம். காலுக்குப் பழக்கம் விட்டுப்போகும் என்று சொன்னீர்கள். நான் ஏதாவது பயிற்சி செய்யலாமா? எம்புவதையே பயிற்சியாகச் செய்தால் அது மறுபடி சோதனையாக மாறிவிடுமோ என்று தயக்கம். மகளைத் தோளில் தூக்கலாமா?


ஜெயநகர்_பிசியோ:

நல்ல கேள்வி, தம்பி. சோதனைக்கும் பயிற்சிக்கும் வித்தியாசம் இதுதான்: பயிற்சிக்கு நேரம் குறித்திருக்கும், முடிவைப் பார்க்க மாட்டீர்கள். வாரத்தில் மூன்று நாள், வேலைக்குக் கிளம்பும் முன், சுவரைத் தொட்டுக்கொண்டு இரண்டு காலிலும் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு தடவை மெதுவாக எம்பி இறங்குங்கள். கொஞ்சம் ஓய்வு விட்டு இன்னொரு முறை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதையும் அதே அளவு செய்யுங்கள், அது தொடைக்கு. ஒற்றைக் காலில் இப்போது வேண்டாம், இடதையும் வலதையும் ஒப்பிடத் தோன்றும். செய்து முடித்ததும் அன்று சதை கொஞ்சம் அதிகமாகத் துடிக்கலாம், அது சகஜம். மெட்ரோ படியில் கைப்பிடியைத் தொடாமல் ஏறுங்கள். இறங்கும்போது கூட்டம் இருந்தால் பிடித்துக்கொள்ளுங்கள், அது எல்லோருக்கும்தான்.

மகளைத் தூக்கலாம். முதலில் வீட்டுக்குள் கொஞ்ச தூரம், அப்புறம் தெரு முனை வரை, அப்புறம் எட்டாவது கிராஸ். வெல்-பீயிங் மையத்தில் இந்தப் பட்டியலையும் காட்டுங்கள், அவர்கள் வேகத்தை முடிவு செய்யட்டும்.